கணக்காயர் கல்வி

'கணக்கு' என்னும் சொல் இக்காலத்து நம் செவியிற் படுமாயின், கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே நம் உள்ளத்தில் தோன்றுகின்றன. பண்டைத் தமிழ் வழக்கிலோ அச்சொல் நூலினையும் குறித்தது. பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என நூற்றொகைகட்கு வழங்கும் பெயர்களே அதற்குச் சான்றாம். 'கணக்காயர்' என்பார் வரவு செலவு எழுதியவர் அல்லர். நூல் கற்பித்த ஆசிரியரே அப்பெயர் பெற்றனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரைத் தமிழ் பயில்வாருள் அறியாதார் யாவர்? எழுத்தினையும் எண்ணினையும் ஒரு சொல்லாற் சுட்டிய மொழி நம் மொழி. ஆயினும் இன்று நம் கல்லூரிகளில் அவ்விரண்டும் இருவேறு கட்டிடங்களிற் குடியிருக்கின்றன. இலக்கியம் பயில்வோர் கணக்கினை உயிரற்றதென்று ஒதுக்குகின்றனர். கணக்குப் பயில்வோர் இலக்கியத்தைப் பயனற்றதென்று ஒதுக்குகின்றனர். இவ்விரு கருத்தும் பிழையென்பதை ஒரு பட்டப்படிப்பின் வாயிலாக ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அப்பட்டம் அமெரிக்க நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் வழங்கும் தொழில்முறைக் கணக்கியல் முதுநிலைப் பட்டம். அதன் பெயரைச் சுருக்கி 'எம்.பி.ஏ.' என்பர். வணிக நிர்வாகப் பட்டத்திற்கும் தமிழெழுத்தில் இதுவே சுருக்கமாதலால், ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது. நிர்வாகப் பட்டம் தொழில் நடத்துவோரை உருவாக்குவது. கணக்கியற் பட்டமோ, தொழில் நடத்துவோர் கூறும் கூற்று மெய்யா பொய்யா என்று தேர்ந்து சொல்லுவோரை உருவாக்குவது. நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். அங்குக் கணக்கியலையே இளநிலையிற் பயின்றவர்களுக்கு ஒரு வழியும், பிற துறைகளிற் பட்டம் பெற்றவர்களுக்கு மற்றொரு வழியுமாக இப்பட்டம் அமைக்கப்பெற்றது. வரலாறோ மொழியோ பயின்றவர்க்கும் கதவு திறந்திருக்கின்றது என்பதே நம் ஆராய்ச்சிக்கு முதற் காரணம்.

இக்கல்வியின் உட்பொருளை அறிதற்கு முன், கணக்கு எழுதுதல் வேறு, கணக்கியல் வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று என்றும் வரவு என்றும் இருமுறை பதிந்து, இரு பக்கமும் ஒத்து வருமாறு பேரேடு வைத்தல் இத்தாலிய வணிகர்களின் நெடுநாள் வழக்கம். லூக்கா பாச்சோலி என்னும் துறவி 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சிட்ட தம் கணித நூலில் அவ்வழக்கினை விரித்துரைத்தார். அவர் அதனைப் புதிதாகக் கண்டவர் அல்லர். வணிகர் கையில் இருந்ததை உலகறிய எழுதியவர். இம்முறையைச் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளலாம். இரு பக்கமும் ஒத்து வந்தால் கூட்டலிற் பிழையில்லை என்பது பெரும்பாலும் தெளிவாகும். எழுதப்பட்டது உண்மையா என்பது மட்டும் அதனால் தெளிவாகாது.

இதனை ஓர் எளிய உதாரணத்தாற் காண்போம். ஒருவர் தையற்கடை தொடங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டிற் கூலியாக அவருக்கு 60,000 ரூபாய் வருகின்றது. நூலுக்கும் வாடகைக்கும் 40,000 ரூபாய் செலவாகின்றது. 24,000 ரூபாய் கொடுத்துத் தையற்பொறி ஒன்றும் வாங்குகின்றார். அவ்வாண்டில் அவர் பெற்றது இலாபமா, நட்டமா? பொறியின் விலை முழுவதையும் அவ்வாண்டின் செலவென்று எழுதினால், 4,000 ரூபாய் நட்டம். அப்பொறி எட்டாண்டு உழைக்கும் என்று கொண்டு, ஆண்டொன்றுக்கு 3,000 ரூபாய் தேய்மானம் எழுதினால், 17,000 ரூபாய் இலாபம். நான்காண்டே உழைக்கும் என்று கொண்டால், தேய்மானம் 6,000 ஆகி, இலாபம் 14,000 ஆகச் சுருங்கும். பெட்டியிலுள்ள பணம் மூன்று கணக்கிலும் ஒன்றே. பேரேட்டின் இரு பக்கமும் மூன்றிலும் ஒத்தே வரும். ஆயினும் ஒன்று நட்டம் என்கிறது. ஏனைய இரண்டும் வெவ்வேறு இலாபம் கூறுகின்றன. வேறுபாடு எங்கிருந்து வந்தது? பொறி எத்தனையாண்டு உழைக்கும் என்னும் மதிப்பீட்டிலிருந்து வந்தது. அம்மதிப்பீட்டினைச் செய்தற்கு எண்ணறிவு மட்டும் போதாது. பொறியை அறிதல் வேண்டும். உடையவரை அறிதல் வேண்டும். அவர் கூறுவதற்குச் சான்று கேட்டல் வேண்டும். கணக்கியல் இங்கே தொடங்குகின்றது.

தையற்கடைக்காரர் தம்மையே ஏமாற்றிக்கொள்வாராயின் கேடு அவர் வீட்டோடு நிற்கும். முதல் போட்டவர் ஒருவரும் தொழிலை நடத்துபவர் மற்றொருவருமாக ஆகுங்கால் நிலை வேறாகின்றது. ஆயிரம் கல் தொலைவிலுள்ள ஆசிரியர் ஒருவர் தம் ஓய்வுக்காலத்திற்கென்று சேர்த்த பணத்தை ஒரு கம்பெனியின் பங்கிலே இடுகின்றார். அக்கம்பெனியின் வாயிலையும் அவர் கண்டதில்லை. அவர் கையில் இருப்பது ஆண்டறிக்கை ஒன்றே. அதிற் கூறியவை நம்பத்தக்கன என்று, கம்பெனிக்கு அடிமைப்படாத ஒருவர் ஆராய்ந்து கையெழுத்திடுதல் வேண்டும். இத்தேவையே கணக்காயரைத் தனித் தொழிலினர் ஆக்கிற்று. ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரக் கணக்காயர் சங்கம் 1854-ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்றது. அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலம் 1896-ஆம் ஆண்டு பொதுக் கணக்காயர்க்கு உரிமம் வழங்கும் சட்டத்தை முதன்முதல் இயற்றிற்று. 1929-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பங்குச் சந்தை வீழ்ந்து எண்ணற்ற குடும்பங்கள் பொருளிழந்தன. அதன்பின் 1933-ஆம், 1934-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், பொதுமக்களிடம் முதல் திரட்டும் கம்பெனிகள் தணிக்கை செய்யப்பெற்ற கணக்கினை வெளியிடுதலைக் கட்டாயமாக்கின.

தொழில் பெரிதாகப் பெரிதாக, அதற்குரிய கல்வியும் நீண்டது. அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. அதனை 120 பாட அலகுகளாகக் கணக்கிடுவர். உரிமம் பெற 150 அலகுகள் வேண்டும் என்னும் விதியை 1983-ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கணக்காயர் கழகத்தினர் 1988-ஆம் ஆண்டு வாக்களித்து, 2000-ஆம் ஆண்டு முதற் புதிதாகச் சேர்வோர்க்கு அதனையே விதித்தனர். ஏனைய மாநிலங்களும் படிப்படியாக அவ்வழிப் பட்டன. எஞ்சிய 30 அலகுகள் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பாகும். அவ்வைந்தாம் ஆண்டினை வீணாக்காமல் ஒரு முதுநிலைப் பட்டமாக அமைத்துக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு பரவிற்று. கணக்கியலை இளநிலையிற் பயிலாதவர்களுக்கோ, அடிப்படைப் பாடங்களை முதலிற் கற்பித்துப் பின்னர் மேற்பாடங்களைக் கற்பிக்கின்றனர். இத்தகைய பட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை நடைபெறுவன.

அங்குக் கற்பிக்கப்படுவன யாவை? கம்பெனியின் நிலையைப் புறத்தார்க்கு அறிவிக்கும் நிதிக்கணக்கியல் முதலாவது. உள்ளிருப்போர் முடிவு செய்தற்கு உதவும் அடக்கவிலைக் கணக்கியலும் மேலாண்மைக் கணக்கியலும் அடுத்தன. தணிக்கை, வரி, வணிகச் சட்டம், கணிப்பொறி வாயிலாகத் தரவுகளை ஆராயும் முறை ஆகியனவும் உள. இவற்றோடு தொழிலொழுக்கமும் ஒரு பாடமாகும். டெக்சாஸ் மாநிலத்தில் உரிமம் வேண்டுவோர், உரிமம் வழங்கும் வாரியம் ஏற்றுக்கொண்ட ஒழுக்கவியற் பாடம் ஒன்றினைப் பயின்றிருத்தல் வேண்டும் என்பது விதி.

இப்பாடங்களைப் பயிலும் முறை, தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. நாம் நூற்பாவினை ஓதி, உரையாசிரியர் கருத்தை நோக்கி, ஒரு சொல்லுக்கு இரு பொருள் படுமிடத்து எது பொருந்தும் என்று வாதிடுகின்றோம். கணக்கியல் மாணவரும் அதனையே செய்கின்றனர். அமெரிக்காவிற் கணக்கியல் விதிகளை வகுக்கும் வாரியம் 1973-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் விதிகள் நூற்பாவினை ஒப்பன. அவற்றிற்கு விளக்கங்களும் உள, எடுத்துக்காட்டுகளும் உள. ஒரு சொல்லின் பொருளிலே பல கோடி பணம் தங்கியிருத்தலும் உண்டு.

'ப்ராபபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லினை எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனியின்மேல் வழக்கொன்று நிலுவையில் உள்ளது. தோற்றால் பெரும்பொருள் கொடுக்க நேரும். அவ்விழப்பினை இன்றே கணக்கில் எழுதுவதா, தீர்ப்பு வருமளவும் காத்திருப்பதா? இழப்பு 'ப்ராபபிள்' ஆயின், தொகையினையும் மதிப்பிடக்கூடுமாயின், எழுதுக என்று அமெரிக்க விதியும் கூறுகின்றது. பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச விதியும் கூறுகின்றது. சொல் ஒன்றே, பொருள் வேறு. சர்வதேச விதியில் அச்சொல், நிகழாமையினும் நிகழ்தலுக்கே வாய்ப்பு மிகுதி என்று பொருள்படும். நூற்றுக்கு ஐம்பதைக் கடந்தாற் போதும். அமெரிக்க விதியில், நிகழக்கூடியதே என்னும் அதனினும் வலிய பொருளில் வழங்குகின்றது. ஆதலால் நூற்றுக்கு அறுபது அளவு தோல்விக்கு இடமுள்ள வழக்கினை, சர்வதேச விதியின்படி எழுதுவோர் இன்றே இழப்பாகப் பதிவர். அமெரிக்க விதியின்படி எழுதுவோர் பெரும்பாலும் அடிக்குறிப்பில் அறிவித்து நிற்பர். ஒரே கம்பெனி, ஒரே வழக்கு; ஆயினும் இலாபம் வேறு. ஒரு சொல்லின் எல்லையை அளந்தறியும் பயிற்சி இலக்கிய வகுப்பிற்கே உரியது என்று எண்ணியிருந்தோர், கணக்கியல் வகுப்பிலும் அதற்கு வேலையுண்டு என்பதை இதனால் அறியலாம்.

பட்டம் பெற்ற அளவில் ஒருவர் உரிமம் பெற்ற கணக்காயர் ஆகிவிடார். நான்கு பகுதிகளையுடைய தேர்வொன்று உண்டு. ஒவ்வொரு பகுதியும் நான்கு மணி நேரம். 75 என்னும் மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. 2024-ஆம் ஆண்டு முதல் தணிக்கை, நிதிக்கணக்கியல், வரியும் சட்டமும் ஆகிய மூன்றும் எல்லார்க்கும் பொதுவாயின. நான்காவதனை மூன்று சிறப்புத் துறைகளுள் ஒன்றாகத் தெரிந்துகொள்ளலாம். தேர்வுக்கு மேல், தகுதி வாய்ந்தவர் மேற்பார்வையில் வேலை செய்த அனுபவமும் வேண்டும்.

இத்துணைக் கல்வியும் தேர்வும் எதன் பொருட்டு? அதற்கு விடையாக டெக்சாஸ் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றினைக் கூறுவோம்.

ஹூஸ்டன் நகரில் என்ரான் என்னும் கம்பெனி, இரண்டு எரிவாயுக் கம்பெனிகள் இணைந்து 1985-ஆம் ஆண்டு தோன்றியது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதன் பங்கு ஒன்று 90 டாலருக்குமேல் விலைபோயிற்று. அதன் கணக்குகளைத் தணிக்கை செய்தது ஆர்தர் ஆண்டர்சன் என்னும் புகழ்பெற்ற நிறுவனம். ஆயினும் அவ்விலாபத்தின் ஒரு பகுதி வெறுந்தாளில் நின்றது. என்ரான் தான் முதலிட்ட சொத்துக்களின் விலை வீழ்ந்தால் இழப்பினை ஈடுசெய்வதாகச் சில துணை அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வமைப்புகளோ, என்ரானின் சொந்தப் பங்குகளையே முதலாகக் கொண்டவை. சொத்தின் விலையும் பங்கின் விலையும் ஒருங்கே வீழுமாயின் ஈடுசெய்வார் யார்? ஒருவன் தன் கடனுக்குத் தானே பிணை நின்றமை போன்றது அவ்வேற்பாடு.

இதனைக் கண்டுகொண்டவருள் ஒருவர் ஷெரன் வாட்கின்ஸ் என்னும் பெண்மணி. அவர் நாம் மேலே கூறிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொழில்முறைக் கணக்கியல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 1982-ஆம் ஆண்டில் ஆண்டர்சன் நிறுவனத்தில் தொழில் தொடங்கி, 1993-ஆம் ஆண்டில் என்ரானிற் சேர்ந்தவர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கம்பெனியின் தலைவராகிய கென்னத் லே என்பார்க்கு அவர் கடிதம் எழுதினார். முதலிற் பெயரிடாமல் எழுதினார். பின்னர் நேரிற் சென்று, விரிவான குறிப்புகளோடு தம் அச்சத்தை எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் என்ரான், 1997 முதலாகத் தான் காட்டிய இலாபத்தில் ஏறத்தாழ 58 கோடியே 60 இலட்சம் டாலரைக் குறைத்துக் கணக்கினைத் திருத்திற்று. டிசம்பர் 2-ஆம் நாள் திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஓய்வுக்காலச் சேமிப்பினை என்ரான் பங்காகவே வைத்திருந்த தொழிலாளர் பலர் அதனையும் இழந்தனர். ஒரு டாலரும் பெறாத தாளாயிற்று, முன்னாளில் தொண்ணூறு டாலர் பெற்ற பங்கு.

இவ்வரலாற்றினைக் கூறி, 'காண்மின், பட்டத்தின் பெருமையை' என்று முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. அம்மையார் கம்பெனிக்குள்ளேயே எழுதினாரன்றி, அரசாங்கத்தார்க்கு எழுதவில்லை என்று குறை கூறினாரும் உளர். அதனினும் முக்கியமானது பிறிதொன்று. என்ரானின் தலைமைக் கணக்கதிகாரியாக இருந்த ரிச்சர்டு காசி என்பாரும் உரிமம் பெற்ற கணக்காயரே. அவரும் முன்னர் ஆண்டர்சன் நிறுவனத்தில் வேலை செய்தவரே. அவர் 2005-ஆம் ஆண்டு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பின்னர்ச் சிறை சென்றார். விதிகளை அவர் அறியாதவர் அல்லர். ஒரே பள்ளியிற் பழகிய இரு கண்கள் ஒரே ஏட்டினை நோக்கின; ஒருவர் கடிதம் எழுதினார், மற்றவர் கணக்கினை எழுதினார். கல்வி கண்ணினைத் தரும். கண்டதைக் கூறும் துணிவினைத் தருதல் அதன் கையில் முழுவதும் இல்லை.

அடுத்த ஆண்டே இது மீண்டும் நிகழ்ந்தது. 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம், வேர்ல்டுகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனி, தன் கணக்கில் 380 கோடி டாலருக்கு மேற்பட்ட பிழை உளதென்று வெளியிட்டது. பிற கம்பெனிகளின் கம்பித் தொடரைப் பயன்படுத்தியதற்காக மாதந்தோறும் கொடுத்த கட்டணத்தை, அவ்வாண்டின் செலவென்று எழுதாமல், நெடுங்காலம் உழைக்கும் சொத்தென்று எழுதியிருந்தனர். நாம் மேலே கூறிய தையற்கடைக்காரர், தையற்பொறியின் விலையை மட்டுமன்றிக் கடை வாடகையையும் சொத்தென்று எழுதினாற்போன்றது இது. செய்தது பெருங்குற்றம்; செய்த முறையோ முதலாண்டு மாணவர்க்கும் விளங்கக்கூடியது. இதனை வெளிக்கொணர்ந்தவர், அக்கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவராயிருந்த சிந்தியா கூப்பர். இவரும் கணக்கியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். தம் மேலதிகாரிகள் விரும்பாதிருந்தும், துணையாளர் சிலருடன் இராக்காலத்தில் அமர்ந்து பதிவுகளைத் தேடினார். அவ்வாண்டு ஜூலை 30-ஆம் நாள் அமெரிக்க அரசு, தணிக்கையாளரைக் கண்காணிக்கத் தனி வாரியம் அமைக்கும் புதிய சட்டம் இயற்றியதற்கு இவ்விரு வீழ்ச்சிகளும் காரணமாயின.

இனி, நம் மாணவர்க்கு உரியதனைக் கூறுவோம். நம்முள்ளும் நம்மோடு பயின்றோருள்ளும் இத்தகைய பட்டத்தினை நாடி வெளிநாடு செல்ல விழைவோர் உளர். விழைவு நன்று. ஆனால் மூன்றினை வேறு வேறாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். பட்டம் வேறு, உரிமம் வேறு, அந்நாட்டில் தங்கி வேலை செய்யும் அனுமதி வேறு. முதலாவதனைப் பல்கலைக்கழகம் தரும். இரண்டாவதனை மாநில வாரியம், தேர்வும் அனுபவமும் நோக்கித் தரும். மூன்றாவதனை அந்நாட்டு அரசு தன் கொள்கைப்படி தரும்; தராமலும் இருக்கும். மூன்றும் ஒருங்கே கிடைக்கும் என்று கூறி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் முகவர், மூன்றனுள் ஒன்றினையும் தரவல்லவர் அல்லர். வீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்துக் கடன் பெறும் தந்தையார், இவ்வேறுபாட்டினை அறிந்து கையெழுத்திடுகின்றாரா? அறிவித்தல் மகனுக்கும் மகளுக்கும் கடமை அன்றோ? மேலும், நம் நாட்டு இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டு. அதனை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் வாரியங்களும் ஒரு தன்மையாக மதிப்பதில்லை. சேருமுன் தாமே எழுதிக் கேட்டறிதல் வேண்டும்.

ஐந்தாம் ஆண்டின் பயனைப் பற்றி அந்நாட்டிலேயே இன்று கருத்து வேறுபாடு உளது. அவ்வோராண்டின் செலவு ஏழை மாணவரைத் தொழிலிலிருந்து விலக்குகின்றது என்பர் ஒரு சாரார். படிப்பினைக் குறைத்தால் தொழிலின் தரம் குறையும் என்பர் மற்றொரு சாரார். 2025-ஆம் ஆண்டில் ஒகையோ முதலாகப் பல மாநிலங்கள், இளநிலைப் பட்டமும் ஈராண்டு அனுபவமும் தேர்வில் தேர்ச்சியும் உடையார்க்கு, 150 அலகு இன்றியே உரிமம் வழங்கச் சட்டம் இயற்றின. நம் கருத்தில் இரு சாராரும் ஓரளவு மெய்யே கூறுகின்றனர். சட்டத்தின் பொருட்டு மட்டும் படிக்கும் ஐந்தாம் ஆண்டு சுமை. பிற துறையிலிருந்து வந்து இத்தொழிலைப் புதிதாகக் கற்பவர்க்கோ அதுவே வாயில்.

வெளிநாடு செல்ல இயலாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காயர் கழகம், முதுநிலைப் பட்டத்தினை வேண்டுவதில்லை. தேர்வும் பயிற்சியுமே அதன் வழி. வணிகவியற் பட்டதாரிகள் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், பிற துறைப் பட்டதாரிகள் 60 மதிப்பெண்ணும் பெற்றிருப்பின், தொடக்கத் தேர்வின்றியே இடைநிலையிற் சேரலாம். தமிழிற் பட்டம் பெற்றவர்க்கும் இவ்விதி பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் புதிய திட்டப்படி பயிற்சிக்காலம் மூன்றாண்டிலிருந்து ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. கணக்கியல் ஆடவர்க்கே உரியது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1933-ஆம் ஆண்டு, இந்தியப் பெண்டிருள் முதன்முதலாகக் கணக்காயர் தகுதி பெற்றவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். அவர் நாட்டு விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்றவரும் ஆவர். நம் மாநிலத்து மாணவியர்க்கு வழிகாட்டியைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

தமிழ் பயிலும் மாணவர் எல்லாரும் கணக்காயர் ஆதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. அங்ஙனமாயின் நூல்களை ஓதுவார் யார்? நாம் கூறுவது இதுவே: இத்தொழிலில் இறுதியாக விளைவது எண்ணன்று, கையெழுத்து. 'யான் ஆராய்ந்தேன், இஃது உண்மை நிலையைக் காட்டுகின்றது' என்று ஒருவர் தம் பெயரை எழுதுகின்றார். அப்பெயரை நம்பி, அவரை ஒருநாளும் காணாத ஒருவர் தம் வாழ்நாட் சேமிப்பினைக் கொடுக்கின்றார். அக்கையெழுத்திற்கு முன் கேட்க வேண்டிய வினாக்களைக் கேட்கவும், விடையிலுள்ள சொல்லின் பொருளை அளக்கவும், உண்மை அன்றாயின் எழுதுகோலைக் கீழே வைக்கவும் ஒருவரைப் பழக்குவதே இக்கல்வியின் பயன். ஆஸ்டினிற் பயின்றாலும் சென்னையிற் பயின்றாலும் பயன் அஃதொன்றே. இதனை உளங்கொண்டு செல்வார் செல்க. சென்று நம் கல்லூரியின் பெயர்க்கு மாசு வாராமற் கையெழுத்திடுக.